மூன்றாம் நிமிடம், பத்தாவது செக்கன்

ஒரு பாட்டைப் பற்றித் தீர்ப்புச் சொல்வதற்கு அந்தப் பாட்டைக் கேட்டிருக்க வேண்டிய அவசியமில்லை என்று நாற்பத்தெட்டு வயதுவரை நம்பியிருந்தவன் நான். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. (இருக்கிறது. ஆனால் மச்சாளின் கலியாண எழுத்தன்று பட்ட வெட்கத்துக்கு முன்னால் இது தூசு.)

நான் ஹெவி மெட்டல் ரசிகன். என்னுடைய ஆட்கள் இங்கிலாந்துக் கிழவர்கள் ஐந்து பேர். பெயர் வேண்டாம், அவர்களுக்காவது மானம் மிஞ்சட்டும். நான் பள்ளிக்கூடம் போன காலத்தில் வந்த அவர்களுடைய கசெற்றுகளில் பட்டனை அமத்திய அடுத்த கணமே தலையில் தகரக் கூரை விழும். வணக்கம், சுகமா என்றெல்லாம் கேட்கமாட்டார்கள். அறுபது தாண்டிய பிறகு அவர்களுக்கு முன்னுரை எழுதும் வியாதி வந்துவிட்டது. முதலில் மணி அடிக்கும். கடல் இரையும். ஒரு கிற்றார் மூக்குறிஞ்சும். பாடகர் ஐயர் மந்திரம் சொல்வதுபோல முணுமுணுப்பார். சரியாக மூன்றாம் நிமிடம் பத்தாவது செக்கனில், தாங்கள் யார் என்பது திடீரென்று ஞாபகம் வந்தவர்களாக எல்லோரும் சேர்ந்து கத்துவார்கள்.

புதிய இசைத்தட்டு வந்ததும் இதை அப்படியே முகநூலில் நீட்டி முழக்கினேன். 'எட்டுப் பாட்டும் இதே சூத்திரம்' என்று அடித்துச் சொன்னேன். கேட்டது ஒன்று. மிச்சம் ஏழும் அனுபவத்தில் எழுதியது.

என் கூட்டாளி சேவியர் துறைமுகத்தடியில் படகு எஞ்சின் திருத்துபவன், அதே கிழவர்களின் பக்தன். அன்றே வந்து பிடித்துக்கொண்டான்.

"மச்சான், கடைசிப் பாட்டைக் கேட்டனியோ? நான் அழுதிட்டனடா."

"கேட்டனான், கேட்டனான். அதுவும் அதே கதைதான். மூண்டு பத்தில கத்துவாங்கள்."

அவன் என்னை ஒருமாதிரிப் பார்த்துவிட்டுப் போனான்.

அடுத்த மாதம் என் மனைவி நிர்மலாவின் தங்கை தர்சினிக்குக் கலியாண எழுத்து, பதிவாளர் முன்னால் கையெழுத்து வைக்கிற சடங்கு. ஏற்கெனவே இரண்டு சம்பந்தங்கள் பேசிக் குழம்பியிருந்தன. மூன்றாவது, கிளிவெட்டி ஊர் மாப்பிள்ளை. வயல் செய்கிற அமைதியான குடும்பம், தும்முவதற்குக்கூட வெளியே எழுந்துபோகிறவர்கள். மண்டபத்தில் மெல்லிய இசை போடும் பொறுப்பு எனக்கு வந்தது. பாட்டுத் தெரிந்தவன் நான்தானாம்.

"இந்த முறையும் குழம்பினா, அதுவும் உங்களால குழம்பினா, உங்கட கிழவங்களோடயே போய் இருங்கோ," என்றாள் நிர்மலா.

போனில் வீணை இசை ஏற்றி, மண்டபத்து ஸ்பீக்கரோடு வயரில்லாமல் இணைத்துவிட்டேன். எல்லாம் வலு திறம். ஒரேயொரு சிக்கல், நான் பட்டுவேட்டி கட்டியிருந்தேன். வேட்டிக்குப் பை கிடையாது. பட்டுச் சட்டையின் பையோ அழகுக்கு வைத்தது. ஆகவே போனை நிர்மலாவின் கைப்பையில் போட்டேன். அவள் கைப்பையோடு மேடையேறி, மணப்பெண்ணுக்குப் பக்கத்தில் அமர்ந்துவிட்டாள்.

பதிவாளர் பிந்தி வந்தார். அவர் கதிரையில் இருந்து, கண்ணாடியைத் துடைத்து, பதிவுப் புத்தகத்தை விரித்தபோது வீணை முடிந்துவிட்டது. என் போன் சும்மா இருக்குமா? அடுத்ததைத் தானே தேடி எடுத்தது.

மணி அடித்தது.

அது கிழவர்களின் மணி. முதற்பாட்டின் மணியல்ல, அந்த ஏழில் ஏதோவொன்று. சபையோ நல்ல சகுனம் என்று தலையாட்டியது. எனக்குப் பக்கத்தில் இருந்த மாப்பிள்ளையின் பெரியப்பா கையெடுத்தே கும்பிட்டுவிட்டார். கடல் இரைந்தது. மேடைக்கு மேலே இருந்த சுவர்க் கடிகாரத்தின் சிவப்பு முள்ளைப் பார்த்தேன். உலகத்திலேயே எனக்கு மட்டும் தெரிந்த ஒரு குண்டு அந்த மண்டபத்துக்குள் இருந்தது.

நிர்மலாவுக்குக் கையைக் காதில் வைத்துச் சைகை காட்டினேன். அவள் புருவத்தைச் சுருக்கினாள். கைப்பையைத் திறக்கும்படி காட்டினேன். திறந்தாள்! உள்ளே துழாவி, தலையிடிக்குப் போடும் குளிசை ஒன்றை எடுத்து, 'இதுவோ?' என்று தூக்கிக் காட்டினாள்.

இரண்டாம் நிமிடம். பாடகர் முணுமுணுக்கத் தொடங்கினார்.

"நல்ல பாட்டு தம்பி," என்றார் பெரியப்பா. "மனசு அப்பிடியே அடங்குது. எந்தக் கோயில்ல பாடினது?"

"அது... வெளிநாட்டுக் கோயில், ஐயா."

"இவ்வளவு பக்தியாப் பாடுறவர் நல்ல ஆசாரமான ஆளாத்தான் இருப்பார்."

(முழங்கை வரைக்கும் மண்டையோட்டுப் பச்சை குத்திய ஆசாரசீலர்.)

எதிர் மூலையில் சேவியர் கண்ணை மூடி, நெஞ்சில் கை வைத்து நின்றான். கண் திறந்தவன் என் முகத்தைக் கண்டு, 'ஒண்டும் இல்லை, பயப்பிடாதை' என்பதுபோலக் கையை அசைத்தான். நான் மாட்டிக்கொண்டதை ரசிக்கிறான் பாவி என்றே நினைத்தேன்.

இரண்டு ஐம்பது. மாப்பிள்ளை கையெழுத்து வைத்தாயிற்று. பேனா தர்சினியின் கைக்குப் போனது. ஸ்பீக்கர்கள் கூரையோடு தொங்கின, எட்ட ஏலாது. ஆனால் சமையலறைக் கதவடியில் மெயின் சுவிட்ச் இருந்தது. மூன்று நிமிடம். எழும்பி ஓடினேன். மூன்று ஐந்து. வேட்டி தடக்கிற்று. நேரத்துக்குப் போய்ச் சேரமாட்டேன் என்று தோன்றியதும், சனத்தையாவது காப்பாற்றுவோம் என்று தொண்டை கிழியக் கத்தினேன்:

"எல்லாரும் காதைப் பொத்துங்கோ!"

எங்களூரில் அப்படிக் கத்தினால் ஏன் என்று யாரும் கேட்கமாட்டார்கள். யுத்தகாலக் குண்டுவீச்சைக் கண்ட, நாற்பது வயதுக்கு மேற்பட்ட எல்லோரும் ஒரே நேரத்தில் கதிரைக்குக் கீழே போனார்கள். அதே கணத்தில், தடக்கிய வேகத்திலேயே கதவடியில் போய் விழுந்து, நான் மெயின் சுவிட்சை இழுத்துவிட்டேன். ஏசிக் குளிருக்காக ஜன்னலெல்லாம் சாத்தியிருந்த மண்டபம் கும்மிருட்டானது. பதிவாளர் மேசைக்குக் கீழே புகும்போது மேசையையும் தலையால் தூக்கியிருக்கிறார்.

யாரோ சுவிட்சைத் திரும்பப் போட, வெளிச்சம் வந்தது. தர்சினி மட்டும் இருந்த இடத்திலேயே பேனாவோடு இருந்தாள். அவளுடைய கையெழுத்து, முதலெழுத்துத் தாண்டியதும் மின்னல்போல மூன்று முறை வெட்டி, பக்கத்தின் ஓரம்வரை போயிருந்தது. பார்த்தால் அசல் ஹெவி மெட்டல் குழுவின் சின்னம்.

"அழிக்க ஏலாது," என்றார் பதிவாளர், தலையைத் தடவிக்கொண்டு. "இனி இதுதான் பிள்ளையின்ர கையெழுத்து."

சபை என்னைப் பார்த்தது. நிர்மலா பார்த்த பார்வையை எழுத மாட்டேன். பெரியப்பா கதிரைக்குக் கீழே இருந்து மெதுவாக வெளியே வந்து, வேட்டியைத் தட்டினார். சம்பந்தம் போச்சு என்று நினைத்தேன்.

"பொம்பர் பிளேன் வந்திட்டுதோ எண்டு நினைச்சிட்டன்," என்றார். பிறகு சிரிக்கத் தொடங்கினார். அந்தக் குடும்பம் சத்தமாகச் சிரித்து நான் கண்டது அன்றுதான். "அது சரி, அந்த நல்ல பாட்டை ஏன் தம்பி நிப்பாட்டினனீங்கள்?"

தர்சினி பிறகு எங்கே கையெழுத்துக் கேட்டாலும் அதே மாதிரி இருக்க வேண்டுமே என்று பயந்து, கொப்பியில் எழுதியெழுதி அந்த மின்னலைப் பழகிவிட்டாள். இன்றைக்கும் வங்கியில் அவள் கையெழுத்து வைத்தால் காசாளர் ஒருமுறை நிமிர்ந்து பார்ப்பார். வீட்டு விசேஷங்களில் நான் எதையாவது சொல்லத் தொண்டையைச் செருமினாலே போதும், சின்னஞ்சிறுசுகள்வரை காதைப் பொத்திக்கொண்டு கதிரைக்குக் கீழே போகிறார்கள்.

மறுவாரம் சேவியர் என்னைப் படகில் இருத்தி, மண்டபத்தில் போனதும் அதுதான் என்று சொல்லி, அந்தக் கடைசிப் பாட்டை முழுதாகக் கேட்கவைத்தான். ஒன்பது நிமிடம். மணி, கடல், கிற்றார், கிழவரின் முணுமுணுப்பு, மறுபடி மணி. மூன்று பத்து வந்தது, போனது. கடைசிவரை ஒருவரும் கத்தவில்லை. அன்று மண்டபத்தில் கத்தியது நான் ஒருவன்தான்.