ஒன்பது புள்ளி எட்டு

காலை எட்டு ஐம்பது. வெளித்தேர்வாளர் வர இன்னும் நாற்பது நிமிடம் இருந்தது. பொழியூரிலிருந்து வரும் மாணவி ஜினியின் ரெக்கார்ட் நோட்டில் மட்டும் கையெழுத்து விழவில்லை. கையெழுத்து இல்லாமல் பிராக்டிகல் தேர்வில் உட்கார முடியாது.

பாறசாலைப் பள்ளியின் பிசிக்ஸ் டீச்சர் ஸ்ரீகுமாரி அதிலிருந்த ஒரு சோதனையின் கடைசி வரியை மட்டும் பார்த்தார். 9.8. சிவப்புப் பேனாவால் பக்கத்தின் குறுக்கே கோடு போட்டார்.

சோதனை எளியது. மேசை விளிம்பிலிருந்து ஓர் எஃகு உருண்டை பாய்ந்து தரையில் விழும். புறப்படும் வேகத்தை ஒரு சிறு கருவி காட்டும். எவ்வளவு தள்ளி விழுந்தது என்பதைத் தரையில் விரித்த கார்பன் தாள் புள்ளி வைத்துச் சொல்லும். உயரம் மேசையின் பக்கவாட்டிலேயே பெயிண்டில் எழுதியிருந்தது: 100 செ.மீ. மூன்றையும் சேர்த்தால் புவியீர்ப்பு முடுக்கம் கிடைக்கும். புத்தகத்தில் அது 9.8. ஸ்ரீகுமாரியின் ஆய்வகத்தில் பதினோரு வருடமாக 10.9.

அதில் அவருக்குப் பெருமைதான். மற்ற பள்ளிகளில் பிள்ளைகள் விடையை முதலில் எழுதிவிட்டு அளவுகளைப் பிறகு நிரப்புவார்கள். இங்கே கண்டதை எழுதுவார்கள். 9.8 எழுதுகிறவர்கள் வருடத்துக்கு ஒருவர் அகப்படுவார்கள்.

"டீச்சரே, நான் எல்லாம் அளந்துதான் எழுதினேன்" என்றாள் ஜினி.

"அப்பம் மத்த முப்பது பேரும் கள்ளம் எழுதினாங்களா மக்கா?"

ஜினி இன்னொரு தடவை செய்து காட்டட்டுமா என்று கேட்டாள். நேரமில்லை என்றார் ஸ்ரீகுமாரி. அதே வகுப்பு விபினின் ரெக்கார்டை எடுத்து அவள் முன்னால் வைத்தார். அதைப் பார்த்து ஒழுங்காக எழுதினால் கையெழுத்துப் போடுவதாகச் சொன்னார்.

ஜினி புதுத் தாளில் எழுதினாள். 10.9. கோடு விழுந்த பழைய தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள். ஸ்ரீகுமாரி கையெழுத்துப் போட்டார்.

வெளித்தேர்வாளர் கிருஷ்ணன்குட்டி நெய்யாற்றின்கரைக்காரர். பொய் எழுதாத லேப் இது என்று ஸ்ரீகுமாரி வாசலிலேயே அவரிடம் சொன்னார். அவர் தலையாட்டிவிட்டு ரெக்கார்டுகளைப் புரட்டினார். ஆறாவது ரெக்கார்டில் நிறுத்தினார்.

"பாறசாலையில மட்டும் பூமி கொஞ்சம் கூடுதலா இழுக்குமோ டீச்சரே?"

ஸ்ரீகுமாரி தானே செய்து காட்டினார். குள்ளமான அவருக்கு அந்தப் பள்ளியில் அளவாக அமைந்த ஒரே தளவாடம் அந்த மேசைதான். குனியாமல், எம்பாமல் உருண்டையை விட்டார். மேசையில் எழுதியிருந்த உயரத்தைத் தேர்வாளரும் படித்துக் குறித்துக்கொண்டார். 10.9.

ஸ்ரீகுமாரி மின்விசிறியை நிறுத்தினார். 10.9. வேறு உருண்டையை எடுத்தார். 11. விளிம்பு சாய்ந்திருக்கலாம் என்று ஒரு பக்கம் அட்டை கொடுத்தார். 11.2. கார்பன் தாள் நழுவுகிறது என்று அதை எடுத்துவிட்டு, மணல் நிரப்பிய தட்டைத் தரையில் வைத்தார். 11.5.

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். முப்பத்தொரு பிள்ளைகளும் வியர்த்துக்கொண்டிருந்தார்கள். மின்விசிறியை மறுபடி போட யாருக்கும் தோன்றவில்லை.

"இன்னும் ரெண்டு தடவை செஞ்சா நாம வியாழன் கிரகத்துக்கே போயிரலாம்" என்றார் கிருஷ்ணன்குட்டி.

பிறகு அவர் சிரிக்கவில்லை. இரண்டு ரெக்கார்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். ஜினியுடையது, விபினுடையது. எண்கள் தசமப்புள்ளி வரைக்கும் ஒன்றாக இருந்தன. ஒன்றில் மை இன்னும் புதிதாக இருந்தது.

"இது காப்பி" என்றார்.

ஸ்ரீகுமாரி வாயைத் திறந்தார். பொய் எழுதாத லேப் என்று வாசலில் சொன்னது நினைவுக்கு வந்தது. வாயை மூடிக்கொண்டார்.

ஜினி டீச்சரைப் பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்தாள். ரெக்கார்டுக்கான மதிப்பெண் பூஜ்யம் ஆனது.

மதியம் தேர்வு முடிந்து எல்லோரும் இறங்கிப் போனார்கள். ஸ்ரீகுமாரி படிக்கட்டில் ஜினியைப் பிடித்தார். டிகிரிக்கு பிசிக்ஸ்தான் எடுப்பேன் என்று இரண்டு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தவள் அவள். தேர்வாளருக்குக் கடிதம் எழுதலாம் என்றார் ஸ்ரீகுமாரி. என்ன எழுதுவது என்று அவருக்கே தெரியவில்லை.

"வேண்டாம் டீச்சரே. நான் வேற எதாவது படிச்சுக்கிடுதேன். பஸ்ஸு போயிரும், வாறேன்."

அவள் போன பிறகு ஸ்ரீகுமாரி ஆய்வகத்துக்குத் திரும்பி வந்தார். அட்டெண்டர் பொன்னுதாஸ் சிந்திய மணலைக் கூட்டிக்கொண்டிருந்தார். அவர் இருபது வருடமாக இங்கே இருக்கிறார். காலையில் நடந்ததையெல்லாம் வாசலில் நின்று பார்த்தவர்.

ஸ்ரீகுமாரி மேசைமேல் இரண்டு கையையும் ஊன்றி நின்றார்.

"பொன்னுதாசே, அந்தப் பிள்ளைக்கு மட்டும் எப்படி 9.8 வந்துது? இந்த மேசையில என்ன கோளாறு?"

பொன்னுதாஸ் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு மேசையைத் தடவிப் பார்த்தார்.

"மேசைக்கு ஒரு கோளாறும் இல்ல டீச்சரே. பெயிண்டில எழுதினது டீச்சரு வாறதுக்கு முந்தி உள்ளதாக்கும். டீச்சரு வந்த அண்ணைக்கு கால்விரல்ல எம்பி நிண்ணு பாடம் எடுத்தத கண்டு மனசு பொறுக்காம, அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் நாலு காலையும் பத்து சென்டிமீட்டர் அறுத்துக் கொறச்சேன். இத்தன வருஷத்தில டீச்சரு ஒரு தடவகூட அளந்து பாக்கேலியா?"