இடது ஜிப்

பதினோரு ஆண்களின் அந்தரங்கம் முழுக்கத் தெரிந்தும் அதைப் பற்றி ஒரு வார்த்தை வெளியே விடாத மனிதர், எனக்குத் தெரிந்து இந்த பூமியிலேயே லெஃப்ட்டு ஒருவர்தான். எங்கள் ஹாக்கி மட்டை, முழங்கால் பட்டை, மூலத்துக்கான களிம்பு எல்லாம் அவர் கையால்தான் பைக்குள் போகும்.

ஞாயிறு காலைகளில் அடையாறில் ஹாக்கி ஆடுகிற, நாற்பதைத் தாண்டியவர்கள் நாங்கள். ஆடுகிற என்பது மரியாதைக்குச் சொன்னது. பந்து எங்கோ போகும்; திரும்பி வரட்டும் என்று நிற்போம். லெஃப்ட்டு ஆடமாட்டார். மாம்பலம் ஸ்டேஷன் பக்கம் ஒரு ஜவுளிக்கடையில் சரக்கு அடுக்குகிறவர், அதே கையோடு எங்கள் பைகளையும் அடுக்குவார். ஷூ அடியில். மட்டை நடுவில். வலது ஜிப்பில் துண்டும் சாவியும். இடது ஜிப்பில், நாக்குக்கு அடியில் வைக்கிற நெஞ்சுவலி மாத்திரை. அது மட்டும்தான். கூடவே ஒரு பல்குச்சி இருந்தாலும், "லெஃப்ட்டு! லெஃப்ட்டு ஜிப்புல இன்னாடா இது?" என்று மைதானம் அதிரும். அப்படித்தான் அந்தப் பெயர் வந்தது. டீக்கடைக்காரர் வெகுகாலம் அவரைக் கட்சிக்காரர் என்று நினைத்து, அரசியல் பேசாமல் டீ கொடுத்துக்கொண்டிருந்தார்.

எல்லாருக்கும் ஒரே மாதிரி நீலப் பை. ஆனால் அதில் பெயர் எழுத விடமாட்டார்.

"பேரை நம்பாத ரைட்டரே. பேரு ஆளையே கொன்னுடும்," என்பார், கதை எழுதுகிற என்னிடம்.

பெயருக்குப் பதில், தேர்தல் மாதிரி ஆளுக்கொரு சின்னம், வெள்ளை பெயின்ட்டில். கோல்கீப்பர் பாஸ்கருக்குத் திறந்த பூட்டு. பல் டாக்டருக்குக் குறடு. எனக்கு ஆமை.

"ஏன் லெஃப்ட்டு, ஆமை?"

"நீ ஓடுறத வாராவாரம் பாத்துக்கினுதானே கீறேன்."

ஆமை வீட்டுக்குள் நுழையக் கூடாது என்று என் மனைவி உத்தரவு போட்டுவிட்டாள். ஆறு வருடம் அந்தப் பை காரிலேயே குடியிருந்தது.

இந்த ராணுவ ஆட்சியை எதிர்த்து நான் செய்த ஒரே புரட்சி, வாழைக்காய் சிப்ஸ். லெஃப்ட்டின் சோதனை முடிந்ததும் மாத்திரையை வலது பக்கம் தள்ளிவிட்டு, சிப்ஸ் பொட்டலத்தை இடது ஜிப்பில் வைத்துக்கொள்வேன். துண்டோடு வைத்தால் வியர்வை வாடை அடிக்கும், பாருங்கள். ஒருநாள் பிடித்துவிட்டார். கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை. பொட்டலத்தை வெளியே எடுத்து வைத்து, மாத்திரையைத் தேடிப் பிடித்து இடது ஜிப்பில் போட்டு மூடினார்.

"வெளயாடாத ரைட்டரே."

"விளையாடத்தானே வந்திருக்கேன்?" என்றேன். அன்றைக்கு அது எனக்கு நல்ல நகைச்சுவையாகத் தோன்றியது. அடுத்த வாரமும் சிப்ஸ் அங்கேயே போனது.

போன வருடம் ஒரு ஞாயிறு, இடைவேளையில், என் பைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த லெஃப்ட்டு அப்படியே சரிந்தார். நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். சட்டை நனைந்துவிட்டது. மிக அருகில் இருந்தவன் நான். இடது ஜிப்பைத் திறந்தேன். சிப்ஸ்.

அதற்குள் மற்ற ஜிப்புகள் எல்லாம் ஒரே நேரத்தில் திறந்தன. பத்துக் கைகள், பத்து மாத்திரைகள். பாஸ்கர் முந்திக்கொண்டு ஒன்றை அவர் நாக்குக்கு அடியில் வைத்தார். லெஃப்ட்டு கண்ணைத் திறக்காமலே முனகினார்: "ஒண்ணு போதும்டா... மத்தத அந்தந்த ஜிப்புலயே வைங்க."

பல் டாக்டரும் நானும்தான் அவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம்.

"பேஷண்ட் பேரு?" என்றாள் கவுன்ட்டரில் இருந்த பெண்.

"லெஃப்ட்டு."

"சார், பேரக் கேட்டேன்."

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் போனைப் பார்த்தேன். அதிலும் 'லெஃப்ட்டு' என்றுதான் இருந்தது. அவர் எப்போதும் வைத்திருக்கும் மஞ்சப்பையைக் கொட்டினோம். ஊசி, நூல், பெயின்ட் டப்பா. எங்கள் பதினோரு பேரின் ரத்தப் பிரிவும் எழுதிய அட்டை. அவருடையது இல்லை. அந்தப் பைக்கு ஜிப்பும் இல்லை.

பின்னாலேயே ஓடிவந்த பாஸ்கர்தான் மூச்சு வாங்கச் சொன்னார்: "எஸ். ரமேஷ்."

நாங்கள் விழித்ததைப் பார்த்து, ஓரமாக அழைத்துப்போய் மீதியையும் சொன்னார். "நீங்கல்லாம் சேர்றதுக்கு முன்ன டீம்ல ரெண்டு எஸ். ரமேஷ். ரெண்டு பையிலயும் அதே பேரு. இவன் இல்ல, இன்னொரு ரமேஷ் நெஞ்சு வலியில வுழுந்தான். 'எஸ். ரமேஷ் பையை எடு'ன்னு நான்தான் கத்தினேன். கொட்டிப் பாத்தா மாத்திர இல்ல. அது இவன் பை. இவன் அந்தக் கோடியில நின்னுக்கினு இருந்தான். 'அது என் பைடா'ன்னு கத்திக்கினே ஓடியாந்தான். வந்து சேர்றதுக்குள்ள முடிஞ்சிடுச்சு. அன்னியோட மட்டையத் தொடல. பேரையும் வுட்டுட்டான்."

கவுன்ட்டரில் அடுத்த கேள்வி வந்தது. "எஸ்னா என்ன சார்? அப்பா பேரு?"

பாஸ்கருக்கும் தெரியவில்லை.

லெஃப்ட்டு செவ்வாய்க்கிழமை போய்விட்டார். மாத்திரை சரியான நேரத்தில்தான் போயிற்று என்றார் ஆஸ்பத்திரி டாக்டர். இதயம்தான் ஏற்கெனவே மோசமாக இருந்ததாம். எனக்கு ஆறுதலாகச் சொன்னாரோ என்னவோ. அப்பா பெயர் சபாபதி என்று அவருடைய அண்ணன் சொன்னார். இப்போது மைதானத்தில் பன்னிரண்டாவதாக ஒரு நீலப் பை இருக்கிறது. அதில் மட்டும் சின்னம் இல்லை. 'சபாபதி ரமேஷ்' என்று முழுதாக எழுதியிருக்கிறோம்.

லெஃப்ட்டு இறந்த வாரமே, நடந்ததையெல்லாம் என்னிடம் கேட்டுக்கொண்ட என் மனைவி காரிலிருந்து ஆமையை எடுத்துக்கொண்டு வந்தாள். இடது ஜிப்பைத் திறந்து, மாத்திரை இருக்கிறதா என்று பார்த்து, மூடினாள். பிறகு பையை வீட்டுக்குள், கூடத்தில், எல்லார் கண்ணிலும் படும்படி வைத்தாள்.