நேர்கோட்டோடு சண்டை போட்டவர்

பிள்ளைகளே, ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரைக்கும் சல்லடை போட்டுத் தேடினாலும் சுத்துவழி அண்ணனைப் போலக் கோபப்படுகிற ஆள் கிடைக்க மாட்டார். கோபம் மனிதர்கள் மேல் இல்லை. நேர்கோட்டின் மேல்.

திருவொற்றியூரில், வீடுகளுக்கு ஆக்சிஜன் சிலிண்டர் அனுப்பும் கம்பெனியில் எனக்குப் போன் எடுக்கிற வேலை. அவர் அங்கே வேன் டிரைவர். எங்கே போகச் சொன்னாலும், "அது சுத்துவழி நைனா" என்றுதான் ஆரம்பிப்பார். பேர் அப்படியே ஒட்டிக்கொண்டது.

ஒருநாள் ஆபீசுக்குப் புது சாஃப்ட்வேர் வந்தது. பூமியில் எந்த இடத்துக்கும் இரண்டு எண்கள் உண்டு. ஒன்று வடக்கு தெற்கில் எங்கே என்று சொல்லும், மற்றது கிழக்கு மேற்கில். எங்கள் குடோன்களின் எண்களெல்லாம் கம்ப்யூட்டரில் பட்டியலாக இருக்கும். நோயாளி வீட்டின் எண்களைக் கொடுத்தால், அது ஒவ்வொரு குடோனுக்கும் தூரம் கணக்குப் போட்டு, எது குறைவோ அதை முதல் வரியில் காட்டும். அந்தக் குடோன் வண்டிதான் போக வேண்டும். பூமி உருண்டை என்பதைக்கூட இந்தக் கணக்கு சேர்த்துக்கொள்ளும் என்று மானேஜர் பெருமையாகச் சொன்னார்.

"உருண்டையைச் சேத்துக்குச்சா? சரி. நடுவுல ஆறு கீதே, அத்த சேத்துக்குச்சா?" என்று கேட்டார் சுத்துவழி அண்ணன்.

மானேஜர் கம்ப்யூட்டரைத் தட்ட ஆரம்பித்தார்.

முதல் வாரமே நான் இரண்டு எண்களையும் இடம் மாற்றிப் போட்டுவிட்டேன். மாத்தூர் தாத்தா ஒருவர் வட துருவத்துக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துவிட்டார். 'அருகிலுள்ள குடோன்: எட்டாயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர்' என்று திரை காட்டியது.

"பக்கத்துலதான் கீது. நீ டீசல் போட்டுக் குடு, ஸ்வெட்டர் நான் எடுத்துக்கறேன்" என்றார் சுத்துவழி அண்ணன்.

தப்பு என்னுடையதுதான். ஆனாலும் எட்டாயிரம் கிலோமீட்டரை 'அருகில்' என்று சொல்ல ஒரு மெஷினுக்கு எப்படி வாய் வந்தது?

இப்படியே பேசிக்கொண்டிருந்ததால் அவரை வள்ளூர் குடோனுக்கு மாற்றினார்கள்.

ஒரு மத்தியானம் முகத்துவாரக்குப்பத்திலிருந்து போன். பிலோமினா அக்காவுக்கு மூச்சு வாங்குகிறது, சிலிண்டர் முள் சிவப்பில் நிற்கிறது, ஒரு மணி நேரம் தாங்காது என்று அவர் மகள் அழுதாள். எங்கள் ஆபீஸ் வாசலிலேயே ஒரு வேன் சும்மா நின்றது. அங்கிருந்து குப்பத்துக்கு நேர் ரோடு. ஆனால் திரையில் முதல் வரியில் வந்தது ஆற்றுக்கு எதிர்க்கரையில் இருக்கும் வள்ளூர். நேர்கோட்டில் அதுதான் கிட்ட. அந்தக் கோடு தண்ணீர் மேல் போகிறது என்று அதற்கு யார் சொல்வது? நான் வாதாடினேன். "சிஸ்டம் சொன்னதை மாத்தக் கூடாது" என்று சொல்லி, வாசலில் நின்ற வேனை மணலிக்கு அனுப்பிவிட்டார் மானேஜர்.

வள்ளூரிலிருந்து கிளம்பிய சுத்துவழி அண்ணன் அரை மணியில் போனில் வெடித்தார். "பாலத்தாண்ட கன்டெய்னர் லாரிங்க வரிசையா நின்னுகினு கீது. ஒரு அடி நகரல. உன் கம்ப்யூட்டர இட்டுகினு வந்து தள்ளச் சொல்லு!"

கொஞ்ச நேரத்தில், அவர் போன் இருக்கும் இடத்தைக் காட்டும் புள்ளி ரோட்டை விட்டு விலகியது. கரைக்குப் போனது. தண்ணீரில் இறங்கியது.

"வண்டி ஆத்துல வுழுந்துடுச்சா?" என்று மானேஜர் நாற்காலியை விட்டுத் துள்ளினார்.

வண்டி பத்திரமாக ஓரத்தில் நின்றது. அவர் சிலிண்டரைத் தோளில் தூக்கிக்கொண்டு ஒரு மீன்பிடி படகில் ஏறியிருந்தார். நான் கூப்பிட்டதும் மோட்டார் சத்தத்துக்கு மேல் கத்தினார். "இப்ப சந்தோசமா நைனா? நேர்கோட்டுலதான் போய்கினு கீறேன்! உன் மெஷினு படகுக்குக் கணக்கு போட்டுட்டு வேன் டிரைவர அனுப்பிகீது!"

கரையேறியும் திட்டு ஓயவில்லை. அணைக்காத போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு ஓடினார். கம்பெனி, மானேஜர், நான், பூமி உருண்டை என்று வரிசையாக எல்லோரும் வாங்கிக் கட்டிக்கொண்டோம். ஒரு கதவு திறந்தது. சிலிண்டர் சாவி திருகும் சத்தம், பிறகு காற்று சீறும் சத்தம். ரொம்ப நேரம் கழித்து பிலோமினா அக்காவின் மெல்லிய குரல் கேட்டது. "யாருடி அது, இந்தக் கத்து கத்துறது?"

"நான்தான் யக்கா. இனிமே கத்த மாட்டேன். நீ மெதுவா மூச்சு இழு… ஆங், அப்டித்தான்."

அந்த மனிதரிடம் இப்படி ஒரு குரல் இருந்தது எங்களில் யாருக்குமே தெரியாது. பிள்ளைகளே, போனை வைக்க எனக்கு மனசே வரவில்லை.