நடுநிலையான மனைவி

பெக்கோக் தோட்டத்து ரப்பர் ஸ்டோரின் தகரச் சுவரில் நனைந்த பந்து மோதும் ஓசை இன்னும் என் காதில் இருக்கிறது. அந்த ஓசையை வைத்தே உதைத்தது யார் என்று சொல்லிவிடுவார் வீரமுத்து. இப்போது அவர் பெர்மாஸ் ஜெயாவில் எங்கள் அடுத்த வீடு. சர்க்கரை நோய் அவர் கண்களை எடுத்துக்கொண்டது, பந்தாட்டத்தை எடுக்கவில்லை. மனைவி செல்லம் பக்கத்தில் அமர்ந்து காதோடு சொல்லச் சொல்ல, அவர் ஆட்டம் பார்ப்பார்.

நம் அணி ஆடும் கோப்பை இறுதி ஆட்டம் நம் ஊர் அரங்கத்துக்கே வந்தது. மாற்றுத்திறனாளிக்கும் துணையாளருக்கும் உரிய டிக்கெட் எடுக்க அவர்களோடு நானும் போனேன். பந்தாட்டச் சங்க அதிகாரி மூர்த்தி கனிவே உருவானவர்.

"அங்கிளுக்குத் தூணுக்குப் பின்னால சீட்டு. மத்தவங்களுக்கு மறைக்கும், அங்கிளுக்கு மறைக்காது. விரயத் தடுப்புத் திட்டம்."

"எனக்கு?" என்றாள் செல்லம்.

"ஆன்ட்டிக்கு எதிர்ப்பக்கம், துணையாளர் ஓய்வு மண்டலம். ஃபேன் இருக்கு. வீட்டுலதான் நாள் முழுக்கப் பார்த்துக்கிறீங்களே."

"நான் அங்க போயிட்டா ஆட்டத்த இவருக்கு யாரு தம்பி சொல்றது?"

மூர்த்தியின் பேனா நின்றது. "சொல்வீங்களா? ஐயோ, அலமாக்! அது வர்ணனை, ஆன்ட்டி. வர்ணனைக்கு அனுமதி வேணும்."

"கட்டினவரோட பேசுறதுக்கா?"

"பேசலாம். ஆட்டத்தப் பத்திதான் பேசக் கூடாது."

வீரமுத்து சிரித்தார். "வேற எதப் பத்தி லா பேசுறது? கல்யாணமாகி நாப்பது வருஷமாச்சு."

மேலிடம் கூடியது, ஆழ்ந்து பரிசீலித்தது, பெருந்தன்மையோடு ஆணையிட்டது. இருவரும் தூணுக்கு முன்னால் ஒரே வரிசையில் அமரலாம். வர்ணனை இரு அணிகளுக்கும் நடுநிலையாக இருக்க வேண்டும். அதை உறுதிசெய்ய மூர்த்தி இருவருக்கும் இடையில் அமர்வார்.

ஆட்டம் தொடங்கிய சற்று நேரத்திலேயே நம் வலைக்குள் பந்து விழுந்தது. செல்லம் மூர்த்தியின் மடிமேல் சாய்ந்து, "நம்ம பையன் பந்தப் பிடிச்சிட்டான்," என்றாள்.

"ஆன்ட்டி, அது கோல்," என்று மூர்த்தி கடமையைச் செய்தார்.

"எனக்குத் தெரியும், தம்பி," என்றார் வீரமுத்து. "இத்தன பேரு மூச்சடைச்சுக் கிடக்காங்க, கேக்காதா? இவ சொல்லி நம்ம ஆளுங்க ஒருநாளும் தோத்ததில்ல. நீ சொல்லு, செல்லம்."

செல்லம் சொன்னாள். நம் வலைக்குள் இரண்டாவது கோல் விழுந்ததும் முன்வரிசைக்காரர் திரும்பினார். "அக்கா, கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்களேன்," என்று கேட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். மூன்றாவது விழுந்தபோது அந்த வரிசையே மூடிக்கொண்டது. பின்வரிசையில் இருந்த நானும்தான்.

நான்கு கோல் போட்டு வென்றோம். வீரமுத்து கை வலிக்கத் தட்டினார். கடைசி விசில் கேட்டுச் செல்லமும் நானும் எழுந்தோம்.

"உட்காருங்க, ஆன்ட்டி," என்றார் மூர்த்தி. அவர் கண்களும் மூடியிருந்தன. "நமக்குக் கோப்பை குடுக்கறாங்க."

மூர்த்தி இப்போது தலைமையகத்தில் இருக்கிறார். ஆண்டறிக்கை எழுதுவது அவர்தான்.