எல்டோரெட் சிறுத்தை

பனியன் கச்சிதமாகப் பொருந்தியதுதான் ஹோசியாவுக்குச் சிக்கலாகிவிட்டது. சின்னதாக இருந்திருந்தால் மூச்சு முட்டுகிறது என்று சொல்லியிருக்கலாம். பெரிதாக இருந்திருந்தால் தடுக்கி விழுவேன் என்று சொல்லியிருக்கலாம். அளவெடுத்துத் தைத்த மாதிரி இருக்கிற பனியனை என்ன சொல்லித் திருப்பிக் கொடுப்பது? முன்பக்கம் கம்பெனியின் பெயர் இருந்தது. முதுகில் கொட்டை எழுத்தில் ‘எல்டோரெட் சிறுத்தை’ என்று அச்சடித்திருந்தார்கள்.

“திரும்பு தம்பி, எல்லாரும் பாக்கட்டும்” என்றார் மேனேஜர் ஷாலி.

ஹோசியா திரும்பினான். இன்ஷூரன்ஸ் கம்பெனியின் மொம்பாசா கிளை மொத்தமும் கைதட்டியது.

மராத்தானுக்கு இன்னும் ஒரு வாரம்தான் இருந்தது. ஊரிலுள்ள கம்பெனிகள் ஆளுக்கொருவரை ஓடவிடும் பந்தயம் அது. நாற்பத்திரண்டு கிலோமீட்டர். போன வருஷம் எதிர்க் கட்டடத்துக் கப்பல் ஏஜென்சி, மையோ என்கிற, ஓட்டத்துக்குப் பேர்போன கலெஞ்சின் இனத்துக்காரரை இறக்கிக் கோப்பையைத் தட்டிக்கொண்டு போயிருந்தது. அந்தக் கோப்பையைத் தங்கள் ஜன்னலில், ஷாலியின் நாற்காலிக்கு நேர் எதிரே, வேண்டுமென்றே வைத்தும் இருந்தார்கள். அதைப் பார்த்துக்கொண்டே டீ குடித்துக் குடித்து ஷாலிக்கு டீயே கசந்துவிட்டது. கடைசியில் நைரோபித் தலைமை ஆபீஸுக்கு போன் போட்டு, கிளைக்கு ஒரு குமாஸ்தா தேவை, எல்டோரெட் பக்கத்துக் கலெஞ்சின் ஆளாக இருந்தால் உத்தமம் என்று கேட்டார்.

அப்படி வந்து சேர்ந்தவன்தான் ஹோசியா துவெய். ஒல்லி உடம்பு, நெட்டைக் கால், உலகத்தையே ஓடி ஜெயிக்கிறவர்களின் ஊர். எல்லாம் பொருந்தியிருந்தது. அவனுக்கு ஓட வராது என்பது ஒன்றுதான் குறை.

வராது என்றால் கொஞ்ச நஞ்சமாக அல்ல. பள்ளிக்கூடத்து ஓட்டப்பந்தயத்தில் அவன் வந்து சேருவதற்குள் பரிசு கொடுத்து, நாற்காலிகளை அடுக்கி, வாத்தியார்கள் வீட்டுக்கே போயிருப்பார்கள். விடிந்தால் ஊரே ஓடிக்கொண்டிருக்கும் எல்டோரெட்டில் அவன் ரோட்டோரம் ஒதுங்கி நின்று மற்றவர்களுக்கு வழிவிட்டே வளர்ந்தவன். புழுக்கமும் கடலுமாக, ஒருத்தருக்கும் அவசரமில்லாத மொம்பாசாவுக்கு மாற்றல் என்றதும் அவனுக்குத் தலைகால் புரியவில்லை.

அதைவிடப் பெரிய காரணம் ஜெரோடிச். அவன் மனைவி மொம்பாசா ஆஸ்பத்திரியில் நர்ஸ். கல்யாணம் ஆனதிலிருந்து அவள் கடலோரத்திலும் அவன் மலைமேலும் இருந்துகொண்டு போனிலேயே குடும்பம் நடத்தினார்கள். இப்போதுதான் ஒரே வீடு, ஒரே பானை, நேருக்கு நேர் சண்டை என்று வாழ்க்கை ருசிக்க ஆரம்பித்திருந்தது.

“கோப்பை இங்க வரணும்” என்றார் ஷாலி. “வரலேன்னா உன்னை எல்டோரெட்டுக்கே திருப்பி அனுப்பிட்டு வேற ஆளைக் கேட்டு வாங்கிக்குவேன்.”

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் ஷாலி சிரித்துக்கொண்டே சொன்ன எதையும் இதுவரை செய்யாமல் விட்டதில்லை.

சாயங்காலம் பனியனைப் பார்த்த ஜெரோடிச் தரையில் உட்கார்ந்து சிரித்தாள்.

“சிறுத்தையா? மாடிப்படி ஏறினாலே நடுவுல ஒரு ஸ்டாப்பிங் கேப்பீங்களே.”

மாற்றல் விஷயத்தைச் சொன்னதும் அவள் சிரிப்பு நின்றது. கொஞ்ச நேரம் பனியனை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள்.

“நாளைக்கே போய் உண்மையைச் சொல்லிடுங்க. இதுல என்ன வெக்கம்? எனக்கு நீச்சல் தெரியாது, நான் கடல் பக்கத்துல வேலை பாக்கலையா?”

மறுநாள் ஹோசியா மேனேஜர் அறைக்குப் போய், கதவைச் சாத்திவிட்டு, தனக்குப் பிறந்ததிலிருந்தே ஓட வராது என்று போட்டு உடைத்தான். ஷாலி எழுந்து வந்தார். அவன் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் கண் கலங்கியிருந்தது.

“மையோவும் போன வருஷம் அவங்க மேனேஜர்கிட்ட வார்த்தை மாறாம இதையேதான் சொன்னானாம். ஜெயிக்கிறவனுக்குத்தான்யா இந்த அடக்கம் வரும்.”

உண்மை எடுபடாமல் போனதும் ஹோசியா பொய்க்கு மாறினான். கணுக்கால் பிசகிவிட்டது என்று நொண்டிக்கொண்டு ஆபீஸுக்கு வந்தான். ஷாலி பதறிப்போய் அவனைப் பழைய டவுனில் உடம்பு பிடித்துவிடும் ஒரு பெரியவரிடம் அனுப்பினார். அந்த மனிதர் தேங்காயெண்ணெயை ஊற்றி, துணி பிழிவதுபோலக் காலைப் பிழிந்தார். வலியில் எந்தக் கால் என்பதே ஹோசியாவுக்கு மறந்துவிட்டது. காலையில் இடது காலை நொண்டிக்கொண்டு போனவன் மத்தியானம் வலது காலை நொண்டிக்கொண்டு திரும்பினான்.

ஆபீஸ் அதைக் கவனித்துவிட்டது. கப்பல் ஏஜென்சிக்காரர்களை ஏமாற்றத்தான் நம்ம ஆள் நொண்டுகிறான், என்ன மூளை என்று மெச்சிக்கொண்டார்கள். சாயங்காலம் வீட்டுக்குப் போகும்போது ஒவ்வொருவராக வந்து கண்ணடித்துவிட்டுப் போனார்கள்.

பேசினால் நம்பமாட்டார்கள், கண்ணால் பார்த்தாலாவது நம்புவார்கள் என்று அடுத்த நாள் ஹோசியா கடற்கரைச் சாலையில் ஓடிக் காட்ட முடிவு செய்தான். ஆபீஸே வேடிக்கை பார்க்க வந்தது. ஒரு விளக்குக் கம்பத்திலிருந்து அடுத்த கம்பம் வரை ஓடினான். அதற்கடுத்த கம்பத்தைப் பார்த்தான். அது போகப் போகத் தள்ளிப் போவதாகத் தோன்றவே, பக்கத்திலிருந்த பவோபாப் மரத்தடியில் மல்லாந்து விழுந்து, கரையில் போட்ட மீனாக வாயைத் திறந்து திறந்து மூடினான்.

“பாத்துக்கங்கடா” என்று ஷாலி கிசுகிசுத்தார். “மலைக்காரங்க மூச்சைச் சேத்து வைக்கிற வித்தை இது. பந்தயத்தன்னிக்குத்தான் வெளிய விடுவாங்க.”

படுத்த வாக்கில் ஹோசியா தலையைத் திருப்பியபோது, இளநீர்க் கடை ஓரமாக ஒரு மனிதர் நின்று தன்னையே பார்ப்பது தெரிந்தது. ஒட்டிய கன்னம், குச்சிக் கால், உணர்ச்சியே இல்லாத முகம். அதுதான் மையோ. அவர் திரும்பி நடந்தார். மிக மெதுவாக, ஒவ்வொரு அடியையும் மிச்சம் பிடித்து நடந்தார். நடப்பதிலேயே இவ்வளவு கணக்காக இருக்கிற ஆள் ஓடினால் எப்படி ஓடுவான்?

அதன்பிறகு அவன் பயம் தலைக்கேறிவிட்டது. ஆபீஸ் ஜன்னல் வழியாக மையோவையே பார்த்துக்கொண்டிருந்தான். மையோ லிஃப்டில் மட்டுமே ஏறினார், காலைப் பாதுகாக்கிறார். மத்தியானம் நிழலில் கட்டையாகச் சாய்ந்து கிடந்தார், தெம்பைச் சேமிக்கிறார். சில நேரம் அவரும் தன் ஜன்னலில் நின்று இந்தப் பக்கம் பார்ப்பார். பார்வை சந்தித்ததும் இருவரும் திரை போட்டுக்கொள்வார்கள்.

உடம்பைக் கெடுத்துக்கொண்டு படுத்துவிடலாம் என்பது ஹோசியாவின் அடுத்த யோசனை. ஹோட்டலில் உட்கார்ந்து பிரியாணிக்கு மேல் பிரியாணியாகத் தின்று, மேலே தேங்காய்ப்பால் சோறும் பஜ்ஜியும் போட்டு அடைத்தான். பிறவியிலேயே அவனுக்கு அமைந்த ஒரே வலுவான உறுப்பு வயிறு. அது எல்லாவற்றையும் அரைத்துத் தள்ளிவிட்டு, இன்னும் உண்டா என்று கேட்டது. ஓட்டக்காரர்கள் பந்தயத்துக்கு முன்னால் இப்படித்தான் மாவுச்சத்து ஏற்றுவார்கள் என்று யாரோ ஆபீஸில் விளக்கம் சொன்னார்கள். மறுநாள் கணக்குப் பிரிவு முழுவதும் பிரியாணி வாங்கிச் சாப்பிட்டது. பனியன் மட்டும் வயிற்றில் இறுக்கிப் பிடித்தது. ஷாலி அடுத்த சைஸில் புதுசு அடிக்கச் சொல்லிவிட்டார்.

அதோடு நிற்கவில்லை அவர். சந்தோஷம் தாங்காமல் தெருவில் நின்று எதிர்க் கட்டடத்தை அண்ணாந்து பார்த்து, இந்தத் தடவை தோற்றால் ஒரு மாசம் உங்கள் ஆபீஸுக்கு நானே தட்டில் டீ தூக்கி வருகிறேன் என்று ஊரறியச் சவால் விட்டார். திரும்பி உள்ளே வந்தவர் முகம் வெளுத்திருந்தது.

“வாய் முந்திடுச்சு தம்பி” என்றார். “இனிமே என் மானம் உன் காலுலதான் இருக்கு.”

பந்தயத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் ஹோசியா வீடு திரும்பியபோது, கொடியில் அவனுடைய பழைய கம்பளி ஸ்வெட்டர் காய்ந்துகொண்டிருந்தது. மொம்பாசா வெயிலில் அதைப் பார்க்கவே வியர்த்தது.

“இதை எதுக்குத் தொவைச்சே?”

“எல்டோரெட்டுல குளிருமே” என்றாள் ஜெரோடிச். சொல்லிவிட்டு உகாலிக் களியைக் கிண்டப் போய்விட்டாள். முதுகைத் திருப்பிக்கொண்டு அவள் கிண்டிய விதத்திலேயே அழுகிறாள் என்று தெரிந்தது. இவளை விட்டுவிட்டு மறுபடி போனில் குடும்பம் நடத்த முடியாது என்று ஹோசியா முடிவு செய்தான். போட்டிருந்த செருப்போடு வெளியே வந்தான்.

தெருமுனையில் அதுமானியின் ஆட்டோ நின்றது. தினமும் அவனை ஆபீஸில் கொண்டுவிடுகிறவர் அவர்தான். ஹோசியா உள்ளே ஏறி உட்கார்ந்து, கூச்சத்தை விட்டு, நாளைக்கு வழியில் எங்கேயாவது தன்னை ஏற்றிக்கொண்டு போக முடியுமா என்று கேட்டான். அதுமானி சிரிப்பார், அல்லது திட்டுவார் என்று எதிர்பார்த்தான். அவர் இரண்டையும் செய்யவில்லை.

“பழைய டவுன்ல மீன் மார்க்கெட்டுக்குப் பின்னால ஒரு சந்து இருக்கு. அங்க வந்துடுங்க. நடுவுல ரெண்டு எடத்துல நம்பரைக் குறிச்சுக்குவாங்க. அங்க மட்டும் முன்னால எறக்கிவிட்டு, தாண்டினதும் ஏத்திக்கிறேன். தார்ப்பாயை எறக்கிவிட்டுட்டா உள்ள யாருன்னு தெரியாது.”

என்ன கூர்மையான மனுஷன், இவ்வளவு சுலபமாக வழி சொல்கிறாரே என்று ஹோசியா வியந்தான். அவன் இருந்த நிலையில் அதற்கு மேல் யோசிக்கத் தோன்றவில்லை.

மறுநாள் காலை துப்பாக்கி வெடித்ததும் கூட்டமே வாய் பிளந்தது. முதலில் பாய்ந்தவர் மையோ. அவருக்குப் பின்னாலேயே ஹோசியா. மற்ற கம்பெனிக்காரர்கள் எல்லாம் நாற்பத்திரண்டு கிலோமீட்டரை நினைத்து நிதானமாகக் கிளம்ப, இந்த இருவர் மட்டும் நாய் துரத்துகிற வேகத்தில் பறந்தார்கள். ஷாலி ஒரு பெஞ்சின் மேல் ஏறி நின்று கத்தினார். ஜெரோடிச் வாயில் கை வைத்துக்கொண்டு பார்த்தாள். இந்த மனிதரைத்தான் கல்யாணம் செய்தோமா என்று அவளுக்கே சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

ஹோசியாவின் கணக்கில் பந்தயம் மீன் மார்க்கெட் வரைதான். அதுவரை உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடினான். பழைய டவுன் திருப்பத்தில் மையோ கண்ணிலிருந்து மறைந்தார். திருப்பத்தைத் தாண்டிப் பார்த்தால் ரோட்டில் ஆளையே காணோம். அதற்குள் எங்கேயோ போய்விட்டார். இனி ஆட்டோவில் போனாலும் அவரைப் பிடிக்க முடியாது, எல்லாம் முடிந்தது என்று ஹோசியாவுக்கு அழுகை வந்தது. இருந்தாலும் கால் தன் பாட்டுக்குச் சந்துக்குள் திரும்பியது.

ஆட்டோ சொன்ன இடத்தில் நின்றது. தார்ப்பாய் இறங்கியிருந்தது. ஹோசியா அதை விலக்கினான்.

பின்சீட்டில், கழுத்தில் துண்டோடு, இளநீர் குடித்துக்கொண்டிருந்தார் மையோ.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். நல்ல மனுஷன், ஓரமாக நகர்ந்து இடம் விட்டார்.

அதுமானி வண்டியைக் கிளப்பிக்கொண்டே திரும்பிப் பார்த்தார்.

“சட்டுன்னு ஏறுங்க தலைவரே. போற வழியில ரெண்டு பேரும் பேசி ஒரு முடிவுக்கு வந்துடுங்க. போன வருஷம் மாதிரி இவரையே முதல்ல எறக்கிவிடணுமா, இல்ல இந்த வருஷக் கோப்பை உங்களுக்கா?”