துக்க வீட்டில் குற்றநீக்கம் செய்பவர்

துக்க வீடுகளில் மட்டும் முளைக்கும் ஓர் இனம் உண்டு: சொற்பொருள் விளக்குநர்.

வாசகரே, பார்த்திருப்பீர்கள். சட்டைப்பையில் இரண்டு பேனா, மடித்த செய்தித்தாள் துண்டு. இறந்தவர் படத்துக்கு ஒரு பார்வை, காபி வரும் வாசலுக்கு நாலு பார்வை. பிறகு தொண்டையைச் செருமி, யாரும் கேட்காத சொல்லுக்குப் பொருள் சொல்லத் தொடங்கிவிடுவார். இப்போது அவர்கள் கையிலிருக்கும் சொல் ‘குற்றநீக்கம்’.

எங்கள் வீட்டுக்கு வந்தவர் சத்தியமூர்த்தி. ஒக்கூர்ப் பக்கத்து அரிசி ஆலையில் பாய்லர் பார்த்த என் அப்பா, அது வெடித்து இறந்து பதினைந்தாம் நாள். ஆலைக்காரருக்காகச் சத்தியமூர்த்தி ஒரு தாளோடு வந்திருந்தார். ‘புகார் இல்லை.’ அம்மா கையெழுத்துப் போட வேண்டும்.

“இந்தா பாரு அழகி, இப்ப இதையெல்லாம் குற்றநீக்கம் பண்ணிட்டாக. ஜெயிலே கெடையாது.”

“எதைப் பண்ணிட்டாகண்ணே?”

“எல்லாத்தையுந்தான்!”

செய்தித்துண்டை வாங்கிப் படித்தேன். நான்கு வரி. ஆலைப் பதிவேட்டைத் தாமதமாகக் கொடுத்தால் இனிச் சிறை இல்லை, அபராதம் மட்டும். குற்றநீக்கம் என்றால் அவ்வளவுதான்: குறிப்பிட்ட ஒரு செயலுக்கு இருந்த குற்றத் தண்டனையை எடுத்துவிடுவது. செய்தது சரியென்று ஆகிவிடாது. பக்கத்தில் நின்ற குற்றங்களும் கூடவே விடுதலையாகிவிடா. நான் மெக்கானிக்கல் படித்தவன். நீராவி மிஞ்சினால் தானே திறக்க வேண்டிய சேஃப்டி வால்வை, நீராவி வீணாகிறதென்று ஆலையில் கம்பி போட்டுக் கட்டினார்களே, அது அந்த நான்கு வரியில் எங்கே இருக்கிறது என்று கேட்டேன்.

“அது வந்து தம்பி... நான் பொதுவா ஒரு போக்கச் சொல்றேன்.”

“கம்பியக் கட்டச் சொன்னது யாருண்ணே?” என்றாள் அம்மா. “வேணாம் வேணாம்னு அவுக மூணு தடவ சொன்னாகளே.”

“எல்லாம் விதி, ஆத்தா.”

கவனித்தீர்களா? சட்டமன்றங்கள் ஆண்டுக்கணக்கில் விவாதித்துச் செய்வதை மனிதர் ஒரே சொல்லில் முடித்துவிட்டார். அபராதம்கூட இல்லை!

அம்மா தாளை மடித்து அவர் சட்டைப்பையில், அந்த இரண்டு பேனாக்களுக்கு நடுவே செருகினாள்.

“துக்க வீட்டுல சொல்லிக்கிட்டுப் போகக் கூடாதுண்ணே. அப்படியே எந்திரிச்சுப் போங்க.”

போனார். மறுநாள் கருமாதி முடிந்ததும் அம்மா காவல் நிலையத்தில் புகாரில் கையெழுத்துப் போட்டாள்.

சிரிக்கிறீர்கள். நீங்கள் அந்த இனமில்லை. உங்களிடம் இரண்டு பேனா கிடையாது. நல்லது. கடைசியாகப் போன துக்க வீட்டில், “என்ன செய்ய, நேரம்” என்று சொல்லிவிட்டுக் காபி குடித்தீர்களே, அங்கே கம்பி கட்டியது யார் என்று கேட்டீர்களா?