கெட்டில் மாஸ்டர்

“…மூக்கு தெரியலைன்னு நீயே சொல்றே, அப்புறம் சிலேட்டுல மூக்கு எங்கேருந்துடா வந்துச்சு? தெரியாததைப் போட்டா அது படம் இல்லடா ராஜா, புளுகு!”

தட்டிக்கு அந்தப் பக்கம் இந்தக் குரல் கேட்டால் டிராயிங் பீரியட் ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். அந்த நாளில் பெங்களூர்த் தண்டு, அதாவது கண்டோன்மென்ட், முழுக்கத் தேடினாலும் புளுகாத மனிதர் ஒரே ஒருவர்தான். அவரும் எங்கள் அல்சூர் ஆரம்பப் பள்ளியில்தான் இருந்தார். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று அவருக்கு இருந்திருக்க வேண்டும். ஊருக்கு அவர் கெட்டில் மாஸ்டர். நான் பக்கத்தில் இரண்டாம் வகுப்பு வாத்தியார். நடுவே ஒரு மூங்கில் தட்டி. என் பிள்ளைகள் கணக்குப் பாடத்தில் அவர் பேச்சைத்தான் கேட்டார்கள். நான் மட்டும் என்ன, காதைப் பொத்திக்கொண்டா இருந்தேன்?

மற்றப் பள்ளிகளில் அச்சடித்த படம் ஒன்றை மாட்டுவார்கள். பிள்ளைகள் பார்த்து எழுதுவார்கள். எல்லாச் சிலேட்டிலும் ஒரே ஜாடி, பீரியட் முடிந்தது. நம்மவர் அறைக்கு நடுவே முக்காலி போட்டு, அதன்மேல் கெட்டிலை வைத்து, சுற்றிலும் பிள்ளைகளை உட்கார வைப்பார். அவனவனுக்குத் தெரிவது அவனவனுக்கு. ஒருத்தனுக்கு மூக்கு கிடைக்கும், ஒருத்தனுக்குக் கைப்பிடி, ஒருத்தனுக்கு வெறும் நசுங்கல். நெட்டையன் பின்னால் உட்கார்ந்த குள்ளப்பயல் சிலேட்டில் நெட்டையனின் மொட்டைத் தலையும் அதன் உச்சியில் கெட்டில் மூடியும் இருக்கும். அதற்கும் “பேஷ்!”

கெட்டில் பள்ளிக்கூடத்துச் சொத்து அல்ல, அவர் வீட்டுடையது. வீட்டில் இருந்ததே அது ஒன்றுதான். பாதி வகுப்பில் அவர் சம்சாரம் வந்து நிற்பார்.

“ஏங்க, வீட்ல ஆள் வந்திருக்கு. காபியை எதுல வைக்கறது, உங்க தலையிலயா?”

“கொஞ்சம் பொறு. மூணாவது பெஞ்சு இன்னும் கைப்பிடிக்கே வரல.”

பால்காரர் ஒருவர் மகனின் சிலேட்டோடு சண்டைக்கு வந்தார். “மாட்டுக்கு ரெண்டே காலா மாஸ்டரே?”

“உம்ம பையன் மாட்டுக்கு நேர் எதிர்ல நின்னு பார்த்திருக்கான். பின்னங்கால் வேணும்னா பின்னாடி போய் நிக்கச் சொல்லும்.”

“பின்னாடி நின்னா உதைக்குமே!”

“உதைக்குமா? அப்ப ரெண்டு காலே போதும்.”

இப்படிப் பேசியே மூன்று பள்ளிக்கூடங்களில் வேலையைப் பறிகொடுத்தவர் அவர். எங்கள் ஹெட்மாஸ்டர் கூப்பிட்டு எச்சரித்தார். “இன்ஸ்பெக்டர் வர்றார். எல்லாச் சிலேட்லயும் ஒரே படம் இருக்கணும். மாறிச்சோ, உமக்கு இங்கே வேலை இல்லை.”

சம்சாரம் பள்ளி வாசலிலேயே தீர்ப்புச் சொன்னார். “இந்த வேலையும் போச்சுன்னா நான் கோலார்ல எங்க அண்ணன் வீட்டுக்குப் போயிடுவேன். கெட்டிலும் என்கூட வரும்.”

மனிதர் ஆடிப்போனார். எங்கேயோ இரவல் வாங்கி, அச்சடித்த கெட்டில் படம் ஒன்றைச் சுவரில் ஆணியடித்து மாட்டினார். இன்ஸ்பெக்டர் வந்து படத்துக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்ததும், “எதிர்ல இருக்கறதைப் பார்த்துப் போடுங்க, கண்ணுங்களா” என்றார் நம்மவர். அவ்வளவுதான் சொன்னார்.

பிள்ளைகளுக்குத் தெரிந்தது ஒரே வித்தைதானே? ஓரத்தில் இருந்தவர்கள் கெட்டிலைப் புடலங்காயாக ஒடுக்கினார்கள். ஆணி வந்தது, கயிறு வந்தது, சுருண்ட காகித முனை வந்தது, சுவர்ப் பல்லியும் வந்தது. போதாததற்கு ஹெட்மாஸ்டர் வகுப்புக்கு முதுகைக் காட்டி, படத்தை மறைத்துக்கொண்டு, இன்ஸ்பெக்டர் முன் வளைந்து நின்றிருந்தார்.

இன்ஸ்பெக்டர் எழுந்து ஒரு வாண்டுப் பெண்ணின் சிலேட்டை எடுத்தார். “இது என்னம்மா, நந்தி மலையா?”

“இல்லீங்க, எச்செம் சாரு. அவரு நவுரவே இல்ல.”

ஹெட்மாஸ்டர் முகம் செங்கல்லாயிற்று. “எல்லாத்தையும் துடைக்கச் சொல்லும்! மறுபடி ஒழுங்கா போடட்டும்! இப்பவே!”

தட்டியின் ஓட்டையில் கண்ணை வைத்திருந்தேன். பிள்ளைகள் கையில் ஈரத்துணி தயார். எல்லாக் கண்களும் கெட்டில் மாஸ்டர் மேல். ‘துடைங்க’ என்று ஒரு வார்த்தை போதும், வேலை நிலைக்கும், வீடும் நிலைக்கும். மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“சார், ஒரு நிமிஷம் அப்படியே திரும்பி நில்லுங்க.”

கோட்டில் ஏதோ ஒட்டியிருக்கிறது என்று நினைத்து ஹெட்மாஸ்டரும் திரும்பிவிட்டார். இவர் இன்ஸ்பெக்டரிடமிருந்து அந்தப் பெண்ணின் சிலேட்டை வாங்கிக் கை நீட்டிப் பிடித்து, ஒரு கண்ணை மூடி, ஹெட்மாஸ்டர் முதுகையும் சிலேட்டுப் படத்தையும் மாறி மாறிப் பார்த்தார். தட்டிக்கு அப்பால் அந்தக் குரலை நான் கேட்டது அன்றோடு சரி. அந்தப் பெண்ணின் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தார்.

“முதுகுல தையல் விட்டிருக்கு பாரு கண்ணு, அதை விட்டுட்டியே” என்று சொல்லி, தன் சட்டைப் பையிலிருந்து ஒரு புதுப் பலப்பத்தை எடுத்து, அவள் பிடிக்கத் தோதாக இரண்டாக உடைத்துக் கொடுத்தார்.